கிணற்றுக்கு நான் போட்ட சிவப்பு வட்டம்

வட்டம், முக்கோணம், கோடு மூன்றும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தானாகவே புரியும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்த ஆள் நானேதான். என் வாயை அடைத்த ஒரு நாள் பயணம் இது, 1986 ஜூலையில் போனது. ஊர் ஊராகச் சுவரில் படம் வரையக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

அப்போது நான் சென்னையில் விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கிராமத்துக் கிணறுகளைச் சோதித்த விழுப்புரம் அலுவலகம் ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒரு குறியும் கெட்ட தண்ணீருக்கு ஒரு குறியும் கேட்டது. பச்சை முக்கோணம் என்றால் குடிக்கலாம், சிவப்பு வட்டம் என்றால் கூடாது. எழுத்தே தேவையில்லை என்று அடித்துப் பேசி ஒப்புதல் வாங்கினேன். வரைந்து முடித்து ஒரு மாதம் ஆனதும் பார்க்கப் புறப்பட்டேன். பெருமைக்குத்தான், வேறெதற்கு?

காலை ஐந்தரைக்குப் பாரிமுனையில் பஸ். திண்டிவனம் 120 கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம், பதிமூன்று ரூபாய். அந்தக் குறிகளை வரைந்த பெயிண்டர் கதிர்வேல் சைக்கிளோடு காத்திருந்தார். மயிலம் சாலையில் ஆறு கிலோமீட்டர் என்னைப் பின்னால் வைத்து மிதித்து ஒரு கிணற்றைக் காட்டினார். முக்கோணம் கனகச்சிதம். ஆனால் கிணற்றடியில் ஈ காக்கை இல்லை. பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் காரணம் கேட்டேன்.

“முக்கோணம்னா குடும்பக் கட்டுப்பாடு சார். தண்ணியில மருந்து கலந்துட்டாங்கன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. யாரு வாய வைப்பாங்க?”

“அது சிவப்பு, தலைகீழா இருக்கும். இது பச்சை, நேரா நிக்குது.”

“மாடு திரும்பி நின்னா ஆடாயிடுமா சார்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல்தான். கதிர்வேலையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். 38 கிலோமீட்டர், நான்கு ரூபாய். விக்கிரவாண்டியில் லாரி நெரிசலில் இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடமும் ஜனங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கதிர்வேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுப்புரத்திலிருந்து காணைக்கு டவுன் பஸ், எழுபத்தைந்து பைசா. இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே என் சிவப்பு வட்டத்தைச் சுற்றி மஞ்சள் பூசியிருந்தார்கள். நடுவில் குங்குமம், கீழே அரளிப்பூ. ஆறேழு குடங்கள் வரிசையில் நின்றன. அஞ்சலை என்கிற பெண் தூக்குவாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா எடுத்துப் போறீங்க?”

“விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குங்க. பொண்ணுக்கு மூணு நாளா வயித்தால போவுது. அங்கத்த தண்ணி அவளுக்குப் புடிக்கல. அதான் பொட்டு வச்ச கெணத்துத் தண்ணிய எடுத்துக்கினு போறேன்.”

“கொட்டுங்கம்மா. கெட்ட தண்ணின்னுதான் சிவப்பு வட்டம் போட்டோம். இதைப் போய் யாராவது குடிப்பாங்களா?” என்று கத்திவிட்டேன்.

அஞ்சலை வாளியைக் கீழே வைத்தார். “கெட்டதுக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா சார்? தண்ணி நாறுதுன்னு போன வருசமே முள்ள வெட்டிப் போட்டு இந்தக் கெணத்த மூடிட்டோம். நீங்க வந்து பொட்டு வச்ச பொறவுதான் முள்ள எடுத்தோம்.”

அவரே வாளியைக் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியோடு பஸ்ஸுக்கு நடந்தார். கதிர்வேலும் நானும் அரிவாள் கேட்டு வாங்கி, கருவேல முள் வெட்டிக் கிணற்றை மறுபடி மூடினோம்.

மூன்றரை மணிக்கு விழுப்புரத்தில் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “படம் பாஸாயிடுச்சு சார். ஜனங்களுக்கு நீங்க புரிய வைங்க” என்றார். மேசையைத் தட்டிச் சண்டை போட்டேன். ஆனால் காலையில் யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

சுவரில் வரையப் போகிறவர்களே, முதலில் குறியைக் காகிதத்தில் போட்டு எடுத்துப் போங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். இது என்ன என்று மட்டும் பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒரு பகல் போதும். இது ஆகாது என்பதை அவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள்.

அஞ்சலையின் மகள் பிழைத்துவிட்டாள் என்று பத்து நாள் கழித்துக் கதிர்வேல் கார்டு போட்டிருந்தார். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வட்டத்தின் விட்டம் மட்டும் இன்றுவரை நினைவிருக்கிறது. பதினெட்டு அங்குலம்.