ஷெட்டுக்குள்ள இருந்த அப்பா

"உங்க நாத்தனார் என்ன வேலை பாக்குறாங்க?"ன்னு யாராவது கேட்டா எனக்கு வாயடைச்சுப் போகும். படம் வரையறான்னு சொன்னா பாதிதான் உண்மை. நாடகம் போடறான்னு சொன்னா அதுவும் பாதிதான். படத்தை வரைஞ்சு, அதுக்கு முன்னாடி நின்னு நடிப்பா. சில நேரம் நடிச்சுக்கிட்டே வரைவா. இதையெல்லாம் விளக்கிச் சொல்றதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடும்.

வீட்டுல அவளுக்குப் பேரு வாலு. நாப்பது வயசாகியும் அந்தப் பேரு போகல. எங்க வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கார் ஷெட்தான் அவளோட பட்டறை. அதுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாக்கலன்னா எனக்குச் சோறு இறங்காது. துணி காயப்போடற சாக்குல தினமும் போவேன். ஒரு நாள் பழைய குடைக்குள்ள முழுக்கக் கண்ணு கண்ணா வரைஞ்சு வச்சிருந்தா. இன்னொரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு எதிர்வீட்டு வக்கீல் மாதிரி தும்மிப் பாத்துக்கிட்டிருந்தா. "எதுக்குடி இது?"ன்னா, "தெரியல அண்ணி, செஞ்சு பாத்தாத்தான் தெரியும்"பா. இது ஒரு பதிலா?

அண்ணன்காரருக்குத்தான் இது பிடிக்கல. "என் கார் வெயில்ல நிக்குது, இவ படம் நிழல்ல நிக்குது"ன்னு புலம்புவாரு. போன மாசம் ஒரே போடா போட்டாரு: "அடுத்த நாடகம்தான் கடைசி. மறுநாளே ஷெட்டைக் காலி பண்ணிடணும்."

வாலு சண்டை போடல. "சரிண்ணா. ஆனா நீ வந்து பாக்கணும்"னா. அவர் அதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. ஷெட் போச்சுன்னா அவளுக்கு வேலையே போச்சு, வேற இடம் பிடிக்க வழியில்ல. இவர்கிட்ட சொன்னேன், காதுல விழாத மாதிரி பேப்பரைத் திருப்பினாரு.

அந்த நாடகம் எங்க மாமனாரைப் பத்தினது. மனுஷனுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அவர் செத்ததுல இருந்து எங்க வீட்டுக்காரர் அப்பாங்கிற வார்த்தையே எடுக்கிறதில்ல. வாலு ஒரு பெரிய வெள்ளைத் துணியில அவர் முகத்தை வெறும் செவப்புச் சாயத்துலயே வரைஞ்சா.

"ஏன்டி செவப்பு?"

"அப்பான்னாலே எனக்கு செவப்புதான் அண்ணி. அவர் கோபத்தை நீங்க பாத்ததில்லையா?"

நான் பாக்காததா! உப்பு கொறைஞ்ச அன்னிக்கெல்லாம் பாத்திருக்கேன்.

நாடகத்தன்னிக்கு எங்க வீட்டுக்காரரை மண்டபத்துக்கு இழுத்துக்கிட்டுப் போய் முன்வரிசையில உக்கார வச்சேன். மேடையில தொங்கின துணியில அப்பாவைப் பாத்ததும் இவர் நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. வாலு அப்பாவோட பழைய சட்டையும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிக்கிட்டு நடிச்சா. அப்பாவுக்குக் கோபம் வர்ற கட்டம் வந்துச்சு. அவ முன்னாடியே சொல்லி வச்சபடி, விளக்குக்காரர் மேடை முழுக்கச் செவப்பு விளக்கைப் போட்டாரு.

அய்யய்யோ, அப்பாவைக் காணோம்! செவப்பு வெளிச்சத்துல செவப்புக் கோடு எங்க தெரியும்? வெறும் துணி தொங்குது. ஷெட்டுல டியூப்லைட்டுலயே வரைஞ்சவ, ஒரு தடவை செவப்பு விளக்கைப் போட்டுப் பாத்திருக்கக் கூடாதா? முகம் செவப்புன்னு முடிவு பண்ணினது படம் வரையறவ. வெளிச்சம் செவப்புன்னு முடிவு பண்ணினது நாடகக்காரி. ஒருத்தியை ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டுக்கல. இத்தனைக்கும் ரெண்டும் ஒரே ஆளு! நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

வாலு திரும்பிப் பாத்தா. முகம் செத்துப் போச்சு. கூட்டம் கிசுகிசுன்னு பேச ஆரம்பிச்சுது. அப்பதான் என் பக்கத்துல இருந்த மனுஷன் எழுந்து நின்னு கத்தினாரு.

"அப்பா எங்க? அப்பாவைக் காணோமே!"

மண்டபமே எங்களைத் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு மானம் போச்சு. வாலு மேடை நாற்காலியில சாஞ்சு உக்காந்தா. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி, சட்டை நுனியால துடைச்சா. மாமனார் அப்படித்தான் துடைப்பாரு. குரலும் அவரோட கரகரத்த குரல்தான்.

"இங்கதானடா இருக்கேன். ஏன் கத்துற? உக்காரு."

இவர் உக்காந்துட்டாரு. அப்பா செத்த அன்னிக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவரு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. எனக்கும் அடக்க முடியல.

மறுநாள் காலையில வாலு பிரஷையெல்லாம் பெட்டியில அடுக்க ஆரம்பிச்சுட்டா. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதானே. இவர் எங்கயோ கடைக்குப் போயிட்டு வந்து நேரா ஷெட்டுக்குள்ள போனாரு. நான் விடுவேனா? ஈரமே இல்லாத துணியை எடுத்துக்கிட்டுக் காயப்போடப் போனேன்.

ஸ்டூல் மேல ஏறி ஒரு செவப்பு பல்பை மாட்டிக்கிட்டிருந்தாரு. கீழ இறங்காமலே தங்கச்சிகிட்ட சொன்னாரு:

"இனிமே இதைப் போட்டுப் பாத்துட்டு வரை. மறுபடியும் அப்பாவைத் தொலைச்சுடாத."