மூன்றாம் ஓலை

கட்டினவர் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் அவர் கதையை எப்படிச் சொல்வதாம்? மணவாளன். வேப்பம்பட்டுக்கு உள்ளே வயலையெல்லாம் மனையாக்கிக் கல் நட்டுக்கொண்டே வருகிறார்களே, அந்தப் பக்கம் இன்னும் ஒன்றரை ஏக்கரில் நெல் நடுகிற மனிதர். எதற்காவது எழுந்து நின்று மறுப்புச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கிராம சபையில் தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் "எனக்கு ஆட்சேபணை கீது" என்று நிற்பார். திங்கட்கிழமையானால் மனுவைச் சுருட்டிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். அவர் நின்று கத்தியதால்தான் எங்கள் ஏரிக்கால்வாய் இன்னும் கால்வாயாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே பெண், இளமதி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற தாவீது என்கிற பையனைப் பிடித்துப் போயிற்று. ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு இவர் போனில் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. "உங்க நைனா செத்துட்டாருன்னு எழுதிக்கோ, போ!"

அதோடு ஏழு மாசம் அப்பனுக்கும் பெண்ணுக்கும் பேச்சில்லை. என்னோடு தினமும் பேசுவாள். நான்தான் கொல்லைப்பக்கம் போய் நின்று பேச வேண்டும், என் தலையெழுத்து.

போன வாரம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். "எம்மா, அவங்க கோயில்ல மூணு ஞாயித்துக்கிழம எங்க பேர படிப்பாங்க. ஓலைன்னு சொல்வாங்க. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்க. ரெண்டு ஓலை ஆயிடுச்சி. வர ஞாயிறு கடைசி."

திரும்பினால் இவர் நிற்கிறார். "ஆட்சேபணை கேப்பாங்களாமா?" என்றார். இவர் எழுந்து நின்றால் கல்யாணம் நிற்கும். அப்புறம் பெண் இந்த ஜன்மத்தில் எங்கள் வாசல் மிதிக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "நானும் வரேன்" என்றேன். எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கவாவது ஒரு ஆள் வேண்டாமா?

ரயிலில் இடம் கிடந்தும் உட்காரவில்லை. கதவோரம் போவார், வருவார். பையிலிருந்து ஒரு தாளை எடுப்பார், படிப்பார், மடிப்பார். ஆட்சேபணைகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். "இன்னா மணி?" என்று வில்லிவாக்கத்துக்குள் நாலு தரம் கேட்டுவிட்டார். "கடியாரத்த முழுங்கிகினா வந்தேன்?" என்றேன்.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். வெள்ளைக்காரன் கட்டிய கோயில். ஒவ்வொரு தூணையும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்திலிருந்து நீளக் கம்பியில் மின்விசிறிகள் தொங்கின. இவர் செருப்பை வெளியே விட்டுவிட்டார். உள்ளே எல்லாரும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்கள். "செருப்பு போயிடப் போவுது" என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவர் முழுக்கச் சலவைக்கல்லில் பேர் வெட்டியிருந்தது. பக்கத்துப் பெரியவரிடம் "யாரு சார் இவங்கள்லாம்?" என்று கேட்டார். "எல்லாம் காலமானவங்க" என்றார் அவர். அதன் பிறகு இவர் சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை.

பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நேரம் வந்துவிட்டதென்று இவரும் தாளோடு எழுந்தார். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார். ஜெபத்துக்கு மறுபடி எழுந்தார்கள். ஒவ்வொரு தரமும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முன்வரிசையில் இளமதியின் பின்னல் மட்டும் தெரிந்தது. எங்களை அவள் பார்க்கவில்லை.

கடைசியில் பாதிரியார் ஒரு காகிதத்தை எடுத்தார். நான் இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாவீதின் அப்பா அம்மா பேரைப் படித்தார். பிறகு, "வேப்பம்பட்டு, காலஞ்சென்ற மணவாளன், திருமதி திலகவதி இவர்களின் குமாரத்தி இளமதிக்கும்…"

காலஞ்சென்ற!

என் கை தாலிக்குப் போயிற்று. "விவாகத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். இது மூன்றாம் ஓலை" என்று அவர் முடிக்க, இவரைப் பிடித்து உட்காரவைக்க வந்த நான்தான் எழுந்து நின்றேன்.

"இன்னா சார் படிக்கிறீங்க? வாய்ல நல்ல வார்த்தை வராதா? இதோ, குத்துக்கல்லாட்டம் பக்கத்துல குந்திகினு கீறாரு!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. இளமதியும் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நைனா" என்றாள். "நீதான எழுதிக்கச் சொன்ன?"

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நீங்கதான் பெண்ணுடைய தகப்பனாரா? உங்களுக்கு ஏதாவது தடை உண்டா?"

இவர் மெதுவாக எழுந்தார். தாள் கையில் இருந்தது. நான் சட்டையைப் பிடித்தேன். இருமினார். பெண்ணையே பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றார். "அந்தக் காலஞ்சென்றதை மட்டும் எடுத்துட்டுப் படிங்க. பாக்கியெல்லாம் சரியாத்தான் கீது."

பாதிரியார் பேனாவால் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். தன் பேர் வந்து போகும்வரை இவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து, என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.