நினைவு மலர்களுக்குப் பின்னால் இருந்த சுவர்

ஸ்ரெல்லா அக்கா தடுமாறி நான் அதற்கு முன் கண்டதில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டு வாசலில் நின்றபோதுகூட, விளக்குமாறு எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டார். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்து முற்றத்தில் நின்று, போனில் ஒரு நம்பரை அழுத்த முடியாமல் அதை என்னிடம் நீட்டினார்.

எங்கள் கரையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பிரதேச சபை நூலகத்தைத் திறப்பது, கூட்டுவது, புத்தகம் கொடுப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். நூலகர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து போவார். அக்காவுக்கு ஒப்பந்த வேலை. கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "பெண் கேட்டு வந்தவை எல்லாம் வேலையை விடச் சொன்னவை. நான் அவையை விட்டிட்டன்" என்று சிரிப்பார்.

கட்டடம் ஒரு காலத்தில் வலைகள் வைக்கிற களஞ்சியமாக இருந்தது. முன்னறையில் ஒரு மேசையும் பத்திரிகைகளும், அவற்றைச் சுற்றி ஆண்களும். பின்னறையில் புத்தக அலுமாரிகள். பக்கத்தில் ஒடுங்கிய ஒரு நடை. அங்கேதான் பாய் விரித்துப் பிள்ளைகள் இருப்பார்கள்.

வீட்டில் இருந்து படித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் ஆண்கள் இரவு கடலுக்குப் போய்ப் பகலில் நித்திரை கொள்கிறவர்கள். ஓரறை வீட்டில் பிள்ளை வாய்விட்டுப் படித்தால் அந்த மனிதர் எப்படிக் கண்ணயர்வார்? மற்ற ஊர் நூலகங்களில் சத்தம் போடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்குமாம். எங்கள் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுப் படிக்க இருந்த ஒரே இடம் நூலகம். பத்திரிகை வாசிக்கிறவர்கள் வாய்ப்பாட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள்தானே.

அந்த நடையில் தரையிலிருந்து கூரை வரை, தட்டுத் தட்டாக ஒரு பெரிய மர இறாக்கை நின்றது. அது நிறைய நினைவு மலர்கள். ஒருவர் மோட்சமடைந்தால் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் படமும் வாழ்க்கை வரலாறும் செபங்களும் அச்சடித்துக் கொடுக்கிறோமே, அவைதான். ஒவ்வொரு வீட்டாரும் மிஞ்சியதைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அக்கா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, அட்டையில் இருக்கிற முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுக்குவார். இடப்பெயர்வில் படங்களை எல்லாம் இழந்த வீடுகள் எங்களுடையவை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் என் அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் முதன்முதலாக அந்தப் படி ஏறினேன். அந்த இறாக்கையில்தான் பிள்ளைகள் முதுகைச் சாய்த்திருந்து படிப்பார்கள்.

பிள்ளைகளுக்கென்று ஓர் அறை கட்டித் தாருங்கள் என்று அக்கா சபையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நிவேதனா என்ற தொழில்நுட்ப அலுவலர் பார்க்க வந்தார். இளம் பிள்ளை, மரியாதையானவர். அளந்து முடித்து, இறாக்கையை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"அக்கா, உதெல்லாம் என்ன?"

"எங்கடை ஆக்கள், மிஸ்."

"உதை எடுத்தால் பிள்ளையளுக்கு இடம் வருமே. உதை வைச்சுக்கொண்டு இடம் காணாது எண்டு நான் எப்பிடி எழுதுறது? மேலை இருக்கிறவை முதல் உதைத்தான் கேப்பினம்."

தன் கையாலேயே அடுக்கிய கட்டுகள் பிள்ளைகளின் அறைக்குத் தடையாக நிற்கும் என்று அக்கா நினைக்கவே இல்லை. அலுவலர் போன பிறகு என்னிடம், "எடுத்துப்போட்டு, அப்பவும் இடம் காணாது எண்டு காட்டுவம்" என்றார்.

பாதர் பூசையில் அறிவித்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிய, சனம் பைகளோடு நூலகத்துக்கு வந்தது. வாசகர் வட்டத் தலைவர் எமில்ராஜ் அண்ணை, கரையில் மீன் ஏலம் கூறுகிறவர், வாசலில் நின்று அதே குரலில் கூப்பிட்டார்.

"வாங்கோ, வாங்கோ, அவரவர் தங்கடை ஆக்களை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. ஸ்ரெல்லா, எங்கடை அப்பர் எங்கை?"

"நடுத்தட்டிலை, அண்ணை."

"உயிரோடை இருக்கேக்கை உந்த வாசலை மிதிக்காத மனிசன். செத்தாப்பிறகு எத்தினை வருசமா வாசிகசாலையிலை குந்தியிருக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவின் கட்டை வாங்கி மடியில் வைத்தேன். மேல்தட்டுகள் வெறுமையாகின. நடுத்தட்டில் இருந்து எமில்ராஜ் அண்ணை தன் தகப்பனின் கட்டை இழுத்தபோது அது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சாக்கிலிருந்து அரிசி கொட்டுவது போலச் சுவர்ப் பூச்சு உதிர்கிற சத்தம் கேட்டது. பிறகு இறாக்கைக்குள் வெளிச்சம் வந்தது.

எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ரோட்டுத் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை சுவர் பிளந்து, என் கை முழுதாகப் போகிற அளவுக்கு விலகி இருந்தது. சுவரின் மேலே கூரையைத் தாங்கியிருந்த கொங்கிறீற்று வளையின் கம்பிகளை உப்புக்காற்றுத் தின்று முடித்திருந்தது. வளை சரிந்து இறாக்கையில் இருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்கியவை சுவருமல்ல, தூணுமல்ல. அந்தப் பழைய இறாக்கையும் அதற்குள் இறுக்கி அடுக்கிய கட்டுகளும்தான். அவற்றைத்தான் நாங்கள் சிரித்துச் சிரித்து உருவிக்கொண்டிருந்தோம்.

முதல்நாள் பின்னேரமும் பிள்ளைகள் அதில் சாய்ந்திருந்தார்கள்.

அக்கா எங்களை வெளியே போகும்படி கையை அசைத்தார். என் பின்னால் யாரோ மெதுவாக அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்க, நாங்கள் அந்தச் செபத்தோடு ஒவ்வொருவராக வெளியேறினோம். அன்று எங்களைக் காத்தது ஆண்டவர்தான்.

முற்றத்துப் பூவரசின் கீழே எமில்ராஜ் அண்ணை அக்காவிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஸ்ரெல்லா, நான் சொல்லுறதைக் கேள். மரத்தாலை முண்டு குடுத்திட்டுக் கட்டுகளைத் திருப்பி அடுக்குவம். சபை கண்டால் பூட்டிப்போடும். உவை பூட்டின கட்டடம் ஒண்டைத் திறந்து நீ கண்டனியோ?"

"இல்லை, அண்ணை."

"டவுண் நூலகத்தோடை சேர்த்துவிடுவினம். எங்கடை பிள்ளையள் பஸ் ஏறி அங்கை போகுங்களோ? உன்ரை வேலையும் போம்."

"ஓம், அண்ணை."

"பிறகேன் போனை எடுக்கிறாய்?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் விடப் பிள்ளையள் வருங்கள்," என்றார் அக்கா.

அப்போதுதான் நம்பரை அழுத்த முடியாமல் போனை என்னிடம் தந்தார். நான் நம்பரை அழுத்திக் கொடுத்தேன். "மிஸ், ஒருக்கா வாங்கோ. இண்டைக்கே வாங்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு என்றும் பாராமல் நிவேதனா ஸ்கூட்டியில் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், திரும்பி வந்து வாசல் மதகில் குந்திவிட்டார். ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை.

"அண்டைக்கு நான் உதைப் பிடிச்சு ஆட்டினனான்," என்றார். பிறகு, "உதை எடுங்கோ எண்டும் சொன்னனான்," என்றார்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பிள்ளை அதைக் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு இருந்தது.

மறுநாள் கதவில் அறிவித்தல் ஒட்டிப் பூட்டினார்கள். சொந்த வாயாலேயே நூலகத்தைப் பூட்டுவித்தவள் என்று சந்தையில் கதைத்தார்கள். எமில்ராஜ் அண்ணை கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பினார். அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவர் பூட்டிய படலைக்கு முன்னால் போய் நின்று, வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார். வெடிப்புக்குள்ளால் ஒன்று நுழைந்துவிட்டாலும் என்ற பயம். பிள்ளைகள் கடற்கரையில் குந்தியிருந்து படித்தார்கள். காற்றுக் கொப்பியைப் புரட்ட, அவர்களும் எழும்பிப் போய்விட்டார்கள்.

சபைக் கூட்டத்துக்கு நிவேதனா படங்களோடு போனார். பூசி மெழுகுவது சரிவராது, இடித்துக் கட்ட வேண்டும், கட்டும்போது பிள்ளைகளுக்கு அறையும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவு சிறிய ஊருக்கு ஏன், டவுண் நூலகம் போதும் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்களாம். பார்க்கப் போயிருந்த எமில்ராஜ் அண்ணை எழும்பி, ஏலக் குரலில், "உங்கடை பிள்ளையளை ஒரு நாளைக்கு எங்கடை வீட்டை அனுப்புங்கோ. நித்திரை கொள்ளுற மனிசனுக்குப் பக்கத்திலை இருந்து படிச்சுக் காட்டட்டும்," என்றாராம். கூட்டத்தில் கதைக்கக் கூடாது என்று அவரை வெளியே விட்டார்கள். ஆனால் தீர்மானம் நிறைவேறியது.

அன்று பின்னேரம் அவர் அக்காவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கட்டப் போயினம், ஸ்ரெல்லா. பிள்ளையளின்ரை அறையும் சேர்த்துத்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "சுவர் எவ்வளவு தடிப்பாம்?" என்று கேட்டார்.

"அதை நான் கேக்கேல்லை."

"கேட்டுக்கொண்டு வாங்கோ."

கட்டி முடியும் வரை பாதர் கோயில் மண்டபத்தைத் தந்திருக்கிறார். வேலை போனாலும் அங்கே பிள்ளைகளைப் பார்ப்பது அக்காதான். முதல்நாள் பிள்ளைகள் ஓடி வந்து வழக்கம்போலச் சுவரோரம் குந்தினார்கள். அக்கா அவர்களை எழுப்பி, வாசலில் நிற்கவைத்துவிட்டு, மண்டபத்தின் நாலு சுவரையும் விரல் கணுவால் தட்டித் தட்டி ஒரு சுற்று வந்தார். பிறகு பாயைத் தூக்கி மண்டபத்தின் நட்டநடுவில் விரித்தார்.