முனியாண்டி கோயில் பொங்கலைக் காலி செய்தது யார்?

மெர்போக் ஊரில் காஞ்சனாவின் சமையலைப் புகழ்ந்தவர் யாருமில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பெட்டி கட்டும் கை. வேகம் உண்டு, பக்குவம் கிடையாது.

"இத வச்சு செவுரு கட்டலாம்லா," என்பார் கணவர் சுகுமாரன்.

அப்படிப்பட்டவளின் பொங்கலைச் சாமியே சாப்பிட்டால்?

அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அன்று மாலை எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் முனியாண்டிக்குத் தேன் ஊற்றிய பொங்கலைச் சட்டியோடு படைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். மறுநாள் காலை சட்டியை எடுக்கப் போனால், ஐந்து வாரமாக அது கழுவிக் கவிழ்த்ததுபோல் பளபளத்தது.

செய்தி கோயில் குழுத் தலைவி உமாராணியின் காதுக்குப் போயிற்று.

"அக்கா, சாமியே ஒங்க சமையல விரும்பிச் சாப்புடுறாரு! இந்த வருஷத் திருவிழாச் சமையலுக்கு நீங்கதான் தலைமை. அடுத்த வெள்ளி புள்ளைங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு நாங்களும் படையலுக்கு வர்றோம்."

காஞ்சனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வெள்ளியும் படைத்துவிட்டு வந்தாள். மறுநாள் சனிக்கிழமை. ஆறாவது சட்டியை எடுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே போனாள்.

முனியாண்டிக்கு முன்னால் கரடி ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. தலை முழுக்கச் சட்டிக்குள். நெஞ்சில் மஞ்சள் பிறை. சட்டியை எடுத்தபோது, முகவாயெல்லாம் பொங்கல்.

ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் மளிகைக் கடைச் சுவரில் வனவிலங்கு இலாகா ஒட்டிய தாள் ஞாபகம் வந்தது: ஓடாதே, முதுகைக் காட்டாதே, மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் நட.

"சாப்பிடுப்பா... அவசரமில்ல... நெய் கொஞ்சம் கம்மி, மன்னிச்சுக்க..."

பேசிக்கொண்டே பின்னால் நடந்தாள். கரடி கண்ணுக்கு மறைந்த பிறகும் முன்பக்கம் திரும்ப அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டு வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து வந்து, சுகுமாரனின் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட சுகுமாரன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காஞ்சனா சிரிக்கவில்லை. சொன்னால் தலைமை போச்சு. சொல்லாவிட்டால்? இத்தனை நாள் சாமியின் பெயரில் வாங்கிய புகழெல்லாம் யாருடையது? வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுமே! செருப்பைக்கூட மாட்டாமல் உமாராணி வீட்டுக்கு நடந்தாள்.

"உமா, சாப்பிட்டது சாமி இல்ல. கரடி. நான்தான் ஆறு வாரமா தீனி போட்டுப் பழக்கிட்டேன். வெள்ளிக்கிழமை யாரும் அங்க போகாதீங்க."

உமாராணி வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு.

அன்றே இலாகாவுக்குத் தகவல் போயிற்று. கோயிலுக்குப் போகும் பாதையில் கயிறு கட்டினார்கள். சாப்பாடு எதையும் வெளியே வைக்கக் கூடாது என்றார்கள். திருவிழாவை ஊர்ப் பொது மண்டபத்துக்கு மாற்றக் குழு கூடியது. காஞ்சனா கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"சமையலுக்கு வேற ஆளப் பாருங்க," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் உமாராணி. "பலாவும் தேனும் கெடக்குற காட்ட விட்டுட்டு அந்தக் கரடி ஆறு வாரமா ஒங்க சட்டியத் தேடி வந்திருக்கு. இதவிட என்னக்கா சர்ட்டிபிகேட் வேணும்? ஆனா ஒண்ணு. மண்டபத்துக் கதவ மூடிட்டுத்தான் சமைக்கணும். தேன் ஒரு சொட்டு ஆகாது."

காஞ்சனா எழுந்து நின்றுவிட்டாள்.

"தேன் இல்லாமலா? அப்ப செவுருதான் கட்டணும், போ!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கரடியும் மெர்போக் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்காது.