இடதுகைத் துப்பாக்கிக்கு நான் எழுதிய மூன்று பக்கங்கள்

போன மாதம் ஹெந்தளையிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புதுக்கடையில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள். சட்டத்தரணிக்கு ஒன்று, அவருடைய எழுத்தரான எனக்கும் கோப்புகளுக்கும் மற்றது. பகல் பதினொரு மணிக்கே கீழேயிருந்து கருவாட்டு வாசம் ஏறி வரும். அன்றைக்கு அதையும் மீறி இன்னொரு வாசம் வந்தது. அவர் கையிலிருந்த படுக்கைவிரிப்பு மூட்டையைப் பிரிக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெயும் பழைய மரமும் சேர்ந்த வாசம்.

"அப்பா விட்டுட்டுப் போன எயார் ரைபிள், மிஸ். அவருக்கெண்டே அளவெடுத்துச் செய்வித்தது. இத என்ட பேருக்கு மாத்த வேணும். எங்கயிருந்து வந்தது, யார்ட கையில இருந்தது, யார் திருத்தினது எண்டு அதின்ட சரித்திரத்த ஒருக்கா எழுதித் தாங்கோ. நீங்க நல்லா எழுதுவீங்களாம்."

நல்லா எழுதுவீங்களாம். இந்தச் சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு உச்சி குளிரும். நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

என் அப்பாவிடமும் ஒரு எயார் ரைபிள், காற்றுத் துப்பாக்கி, இருந்தது. அவர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கி வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் குடியிருந்தோம். கிழமை நாட்களில் புறக்கோட்டையில் மூட்டை தூக்குவார். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு பலகையில் பலூன்களைக் கட்டி வைத்துச் சுட விடுவார். மூட்டை தூக்குவது வயிற்றுப்பாட்டுக்கு. பலூன் அவருடைய சந்தோஷத்துக்கு.

துப்பாக்கி அவருக்குத் தோட்டத்துத் துரை கொடுத்தது. துரை இடதுகைக்காரர். கன்னம் சாய்க்கும் மேடு வலப்பக்கம் வருகிற மாதிரி, தன் தோளுக்கு அளவாக மரப்பிடியைப் புதிதாகச் செதுக்குவித்திருந்தார். பங்களாப் பழமரங்களில் வௌவாலும் காகமும் விரட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் அப்பாவும் இடதுகைக்காரர். அந்த ஒரே தகுதியில் வேலை கிடைத்தது. துரை நாட்டை விட்டுப் போகும்போது, "இது உனக்குத்தான் பொருந்தும்" என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வலதுகைக்காரர்கள். அந்த மேடு அவர்கள் கன்னத்துக்கு எட்டாது. பத்துக் குண்டில் எட்டு கடலுக்குப் போகும். "ஐயா, உங்கட துவக்குக் கோணல்!" என்று பொடியன்கள் கத்துவார்கள். "துப்பாக்கி நேராத்தான் நிக்குது தம்பி, நீங்கதான் கோணலா நிக்கிறீங்க" என்பார் அப்பா. பிறகு இடது தோளில் ஏற்றி, எந்த நிறம் வேண்டும் என்று அவர்களையே கேட்டு, அந்த நிறத்தை உடைப்பார். நான் கைதட்டுவேன். பலூன் ஊதுகிற உத்தியோகமும் என்னுடையதுதான்.

பலூன் பலகையைக் கிழமை முழுதும் இரும்பு கடையும் ஒரு லேத் கடையின் பின்பக்கம் வைத்திருந்தோம். அது வெள்ளவத்தையிலேயே கால்வாய்க்குப் பக்கத்துக் குறுக்குத் தெருவில் இருந்தது. முதலாளி கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். லேத்தில் நின்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாடியில் தங்கியிருந்த ஒரு அண்ணை. அவரை அண்ணை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. துப்பாக்கியின் ஸ்பிரிங் ஒருமுறை முறிந்தபோது அவர்தான் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். உள்ளே காற்றை அடைக்கிற தோல் வளையத்தை ஒரு பழைய உதைபந்திலிருந்து வெட்டினார். குழல் நுனியில் குறிபார்க்கும் முன்குறி தொலைந்தபோது சைக்கிள் கம்பியில் ஒன்று செய்து ஒட்டினார். "கொப்பற்ற துவக்கில இனித் துரையின்ர சாமானை விட என்ர சாமான்தான் கூட" என்று என்னைச் சீண்டுவார். கொப்பர் என்றால் அவர் பேச்சில் உன் அப்பா.

போர் மறுபடியும் தொடங்கிய வருடம் நான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். அம்மா பஸ்ஸின் நிறத்தையும் நெரிசலையும் வைத்து அது எங்கே போகிறது என்று ஊகிப்பவர். அப்படியான வீட்டில் ஆங்கிலத்தில் பரிசு வாங்கிய பெண் எப்படி நடந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் கண்டக்டரின் ஆங்கிலத்தை எல்லாம் திருத்தியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, கடற்கரைக் காவலுக்குப் புதிதாக வந்த பொலிஸ் அதிகாரி துப்பாக்கியைப் பறித்துக்கொண்டார். முன்பிருந்தவர்களுக்கு அப்பாவைத் தெரியும். ஓய்வு நேரத்தில் அவர்களும் பலூன் சுட்டவர்கள்தான். இவருக்குச் சந்தேகப்பட அப்பாவின் தமிழ்ப் பெயரும் அடையாள அட்டையும் போதுமாக இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கொண்டு வா, அதுவரை தினமும் காலையில் வந்து கையெழுத்து வை, கதை பிழையென்றால் உள்ளேதான் என்று சிங்களத்தில் சொன்னார். அப்பா "ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா" என்று, எல்லாவற்றுக்கும் சரி ஐயா என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படிக் குனிந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "தொரை குடுத்தாரு. பலூன் சுட வச்சிருக்கேன். அம்புட்டுத்தான், எழுது பாப்பா."

இரண்டு வரி. இரண்டு வரியைக் கொடுத்துவிட்டு நான் எப்படிப் பரிசு வாங்கிய பெண்ணாக இருப்பது? யார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாத கட்டுரை கட்டுரையே இல்லை என்று ஆங்கில ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். நான் லேத் கடைக்குப் போனேன்.

அண்ணை லேத்தை நிறுத்திவிட்டு நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஸ்பிரிங்குக்கு எந்தக் கம்பி, எத்தனை சுற்று, பிஸ்டனில் எவ்வளவு கடைந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "உங்கட முழுப்பேர் சொல்லுங்க. சரித்திரம்னா முழுப்பேர் வேணும்" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தெருவைப் பார்த்தார்.

"பொலிசுக்கோ பிள்ளை?"

"ஆமா. அப்பாவ உள்ள போடாம இருக்க. இங்கிலீஷ்ல எழுதறேன்."

"கொப்பருக்கெண்டா எழுதும்" என்றார். பிறகு சிரித்தார். "போடும் போடும். எனக்கும் ஒரு சரித்திரம் இருக்கட்டன்."

பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். தகப்பன் பெயர், ஊர், மாடி அறையின் முகவரி எல்லாம் சொன்னார். ஃபுல்ஸ்கேப் தாளில் ஓரக்கோடு போட்டு மூன்று பக்கம் எழுதினேன். முதற்பக்கம் துரை. இரண்டாவது அப்பா. மூன்றாவது முழுக்க அண்ணை. அவருடைய கைத்திறனை அப்படிப் புகழ்ந்திருந்தேன்: துப்பாக்கி பழையதை விட வலுவாகச் சுடுவது அவரால்தான் என்று.

அதிகாரி என் முன்னால் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு இடத்தில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார். எங்கள் ஆசிரியை நல்ல வசனங்களுக்குத்தான் சிவப்பில் கோடு போடுவார். எனக்குக் காது வரை சந்தோஷம். "உங்கள் மகள் கெட்டிக்காரி" என்று அப்பாவிடம் சொல்லி, இனிக் கையெழுத்து வைக்க வரத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணைக்குத் தின்னச் சீனிச்சம்பல் பணிஸ் வாங்கிக்கொண்டு, செய்தி சொல்ல லேத் கடைக்கு ஓடினேன். பாதி கடைந்த இரும்பு லேத்தில் அப்படியே பிடித்திருந்தது. முதலாளி கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஜீப்புல ஏத்திக்கிட்டுப் பெய்த்தாங்க, மகள். துவக்குக்கு சாமான் செய்ற ஆளாம். எங்கட கடையில என்னத்த துவக்கு, பலூன் சுடுறத தவிர?"

பணிஸ் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். அன்றைக்கு அந்த மூன்று பக்கத்தையும் நினைவிலிருந்து தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "தொரை குடுத்தாருன்னா போதுமே, பாப்பா" என்றார். விடிந்ததும் தானே பொலிசுக்குப் போய், ஸ்பிரிங் போட்டது நான்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

சில வாரம் கழித்து அண்ணையின் அம்மா வடக்கிலிருந்து வந்து சேர்ந்தார். முதலாளிதான் அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கையில் பொலித்தீன் உறை போட்ட ஒரு படம்.

"நீர் இங்கிலீசில நல்லா எழுதுவீராம் எண்டு முதலாளி சொன்னவர். என்ர பிள்ளை எங்க எண்டு கேட்டு ஒரு மனு எழுதித் தாரும், அம்மா."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல மறுபடி அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே ஊர். அவர் எனக்குத் தெரியாது என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகச் சொன்னார். ஒரு இடத்துக்கு எழுதியது பிறகு பல இடங்களுக்கு ஆனது. அவர் கொழும்புக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஓலைப் பெட்டியில் பனங்கட்டி கொண்டு வருவார். ஏன் அண்ணையைப் பிடித்தார்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் மனு எழுத என்னிடம் வரமாட்டாரே, வேறு யார் எழுதுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போவார். அந்தக் கை வராமல் போய்விடும் என்ற பயம்தான். போர் முடிந்து அடுத்த வருடம் அந்த அம்மா வருவது நின்றது. ஒரு மனுவுக்கும் பதில் வரவில்லை. அண்ணையும் வரவில்லை.

லேத் கடை இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடம். முதலாளி இல்லை. அப்பாவும் இல்லை. பலூன் பலகையை அவர் கடைசிவரை எங்கள் அறையின் உடைந்த யன்னலுக்கு மறைப்பாக வைத்திருந்தார். துப்பாக்கியை யாரும் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உலகத்தில் எங்கேயாவது ஒரு சாமான் அறையில் அது இருந்தால், உதைபந்துத் தோல் காய்ந்து வெடித்திருக்கும்.

ஹெந்தளைக்காரரின் துப்பாக்கிக்கு நான் அன்றைக்கே வரலாறு எழுதிக் கொடுத்தேன். "திருத்தினவர் கொட்டாஞ்சேனையில இருந்தவர், மிஸ். அவர்ட பேர்..." என்று தொடங்கினார்.

"பெயர் வேண்டாம்" என்றேன்.

"பரவாயில்ல மிஸ், அவர் செத்து மோசம்போயும் கனகாலம்."

"இருந்தாலும் வேண்டாம்."

திருத்தியவர்: தெரியாது என்று எழுதி, கீழே கோடு போட்டு மூடினேன். அவர் போன பிறகும் மேசையில் எண்ணெய் வாசம் இருந்தது.

இவ்வளவு நேரம் வாசித்த நீங்கள் கவனித்திருப்பீர்கள், அண்ணையின் பெயரை இங்கேயும் நான் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி அதை எழுத இந்த ஊரில் என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை.