அக்காவின் அறுவை சிகிச்சைக்கு நாங்கள் ஒன்பது பேர் பட்டினி கிடந்தது

ஒன்பது ஆண்பிள்ளைகள் மூன்று நாள் ஒருவேளைச் சோற்றோடு இருந்தால் அக்காவின் இதயம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற எட்டுப் பேரும் இதைப் படிப்பார்கள், மறைக்க முடியாது.

அக்கா வளவனூரில் பிறந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சிறு வயது முதலே கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். வீட்டில் சோம்பேறி என்றோம். முதலில் சொன்னவன் நான். நாற்பத்தொரு வயதில்தான், பிறவியிலேயே இதயச் சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

"அடைச்சிடலாம்னு சொல்றாங்க இல்ல, அடைச்சிக்கலாம்" என்றார், ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசுவதுபோல. நான்தான் அழுதேன். அழுத கையோடு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, உறவில் எட்டுப் பேரையும் விரதத்தில் இழுத்துவிட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், ரத்தம் கொடுப்பதற்காக எல்லோரையும் வேனில் ஏற்றிப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?" என்றார் செவிலியர்.

"ஒண்ணுமில்லீங்க. மூணு நாளாவே ஒருவேளைதான்" என்றேன் பெருமையாக.

"அப்ப எடுக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள ரத்தம் சேரலைன்னா ஆபரேஷன் தள்ளிப்போயிடும்."

அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அம்மனுக்கே இது புடிக்கல போல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பயந்துக்கினு இருக்கறது நீ. அம்மன் மேல எதுக்குடா பழி போடற? நாப்பது வருஷம் மூச்சு வாங்கினது போதும். நாளைக்கே பண்ணிக்கப் போறேன்." ஓர் இட்லியை என் கையில் வைத்தார். "வேண்டுதல் என் பேர்லதான? நானே முடிச்சி வைக்கிறேன், தின்னு. கீழ இருக்கறவங்களுக்கும் சோறு வாங்கிக் குடு."

"அம்மனுக்குக் கோவம் வந்தா?"

"எங்கிட்ட வரச் சொல்லு. நீ ஜல்தியா போ."

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை கண்டு படுத்தபோதும் அக்காவின் குரல் இப்படியேதான் இருந்தது. கடைசிவரை பக்கத்தை விட்டு நகராத மாமாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், என் பேச்சைக் கேட்டுப் பசியோடு வேனில் ஏறிய எட்டுப் பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ரத்தம் கொடுக்கப் போன அன்று மதியம் ஒன்பது பேரும் சாப்பிட்டோம். ஊசியைப் பார்த்ததும் நான் மயங்கிவிட்டதால் எட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலை அக்காவின் இதயத்து ஓட்டையை அடைத்தார்கள். அதன்பின் அக்கா பதினான்கு ஆண்டுகள் இருந்தார்.