பல் பழக்குகிறவள்

முப்பத்தெட்டாவது வளைவில் இருக்கிறாள் சுமித்ரா. தட்டில் களி ஆறிக்கொண்டிருக்கிறது. "வந்து ரெண்டு வாய் உண்டுட்டுப் போ புள்ள" என்று அண்ணன் சென்றாயன் மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. "எழுபது தாண்டட்டும்ண்ணா" என்று பதில் வருகிறது, ஆள் வரவில்லை.

இத்தனைக்கும் அவள் ரோட்டில் இல்லை. கொல்லிமலைத் தேவனூர் நாட்டில், சொந்த வீட்டுக்குள், ஜன்னலோர மேசை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே சோப்புக்கட்டி அளவில் இரண்டு கியர் பெட்டிகள் பேட்டரியில் முனகியபடி ஓடுகின்றன. சேலத்தில் மீசை நரைத்த சிலர் சங்கம் வைத்து, முழங்கை நீளப் பீரங்கி வண்டிகளை ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். அந்த வண்டிகளின் வயிற்றில் இருப்பவை இவை. இடது சங்கிலிக்கு ஒன்று, வலது சங்கிலிக்கு ஒன்று.

புது இரும்புப் பல்லில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். அப்படியே வண்டியில் மாட்டினால் கத்தும், சூடாகும், பல் தேயும். அதனால் பாரம் ஏற்றாமல், சொட்டு எண்ணெயில், முன்பக்கமாக எழுபது நிமிடம், பின்பக்கமாக எழுபது நிமிடம் ஓட விடுகிறாள். கொல்லிமலை ரோட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு என்பதால் இவள் கடிகாரத்தில் நிமிடத்துக்குப் பெயர் வளைவு. "ஏற மட்டும் தெரிஞ்சாப் போதுமா? எறங்கவும் பழகோணுமில்ல" என்பாள். பிறகு கழுவி, வடிந்த எண்ணெயைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெளிச்சத்தில் பார்ப்பாள். கறுப்பாக இருந்தால் மறுபடி மலையேற்றம்.

அவள் காது ரொம்பப் பொல்லாதது. ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியின் முனையைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்நேரம் கோழி கொக்கரித்தால் கோழிக்குத்தான் திட்டு. "மூணாவது சக்கரம் சிணுங்குது" என்பாள். சென்றாயனும் காதை வைத்துப் பார்த்திருக்கிறான். அவனுக்கு எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரிதான் பேசின.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் சென்றாயன். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறான். தங்கை பெருமை பேசுவதற்கு மட்டும் அவனுக்குச் சோலியெல்லாம் பொறுத்துக்கொள்ளும். "என்ற தங்கச்சி டேங்க் ரிப்பேரு பண்றா, மிலிட்டரி டேங்க்" என்று பஸ்ஸில் ஒருநாள் சத்தமாகச் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு ராமாயி வாசலில் வந்து நின்றாள். "அம்மிணி, எங்க தெருவுத் தண்ணி டேங்க்கு நாலு நாளா ஒழுவுது. ஒரு எட்டு வந்து பாரு சாமி." சுமித்ரா அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு போய் அதையும் அடைத்துவிட்டு வந்தாள்.

மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சித் தையல் கம்பெனி ஒன்றில் வாரம் மூன்று நாள் மிஷின் பார்க்கிற வேலை அவளுக்கு. அங்கே ஒரு வேலையாக வந்த சேலத்துச் சங்கத்துப் பூபதியின் வண்டிதான் முதலில் கையில் கிடைத்தது. கத்துகிற வண்டியைக் கேட்டுவிட்டு, "பல்லுப் பழகலீங்க" என்றாள். அதிலிருந்து ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. இந்த நேரம் பார்த்துக் கம்பெனியில், "திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளும் வா, இல்லாவிட்டால் வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறு நாளும் கீழே போனால் மேசையை மூட வேண்டியதுதான். சங்கத்தின் மற்ற வண்டிகள் பன்னிரண்டும் வந்தால் கம்பெனியை விட்டுவிடலாம். பூபதி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தன் புது வண்டி கண்ணெதிரே நேராக ஓட வேண்டும். ஓடினால் பன்னிரண்டும் இவளுக்கு, இல்லையென்றால் வழக்கம்போலப் பெங்களூருக்கு.

ஓட்டிக் காட்டும் இடம் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை என்று சொன்னது சுமித்ராதான். முடித்த எந்த வண்டியையும் பஸ்ஸில் கீழே கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை ஓட்டாமல் அவள் கொடுப்பதில்லை. மேலே குளிரில் கெட்டியாக நிற்கிற கிரீஸ் கீழே நெய்யாக உருகிவிடும். சேலத்தில் ஓட வேண்டியதை மலைமேல் வைத்து நல்லது என்று சொல்ல அவள் தயாரில்லை.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் காலை அவள் தலை வாரப் போன நேரத்தில் சென்றாயன் மேசையருகே போனான். வண்டியின் மேல்மூடி திறந்திருந்தது. பல்லில் கடுகளவு கிரீஸ்தான் தெரிந்தது. மரவள்ளி சீவுகிற மிஷினுக்குக் கிரீஸ் வழிய வழிய வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இவ்வளவு முக்கியமான நாளில் இந்தப் புள்ள இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுதே என்று, மிஷின் கிரீஸ் டப்பாவிலிருந்து வழித்து இடது பெட்டியை நிரப்பினான். வலதுக்கு வருவதற்குள் "பஸ்ஸு வந்துருச்சுண்ணா" என்று குரல் கேட்டது. மூடியைப் பொருத்திவிட்டான்.

பஸ்ஸில் வண்டி அவள் மடியில். "இதுக்கு அரை டிக்கெட்டா, முழுசா அம்மிணி?" என்றார் கண்டக்டர். "மடியில ஒக்காந்தா டிக்கெட்டே இல்லீங்க" என்றாள்.

சந்தையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே பூபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுமித்ரா வண்டியைத் தரையில் விட்டு ரிமோட்டை அழுத்தினாள். அது இரண்டடி போய் இடதுபக்கம் திரும்பியது; திரும்பி, திரும்பி, நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.

"சாமி வந்துருச்சு, துன்னூறு போடுங்க!" என்றாள் மிளகு விற்ற பெண். சந்தையே சிரித்தது.

"பழக்குனதாம்மா இது? குடிச்சுப்போட்டு வந்ததாட்டம் இருக்குது" என்றார் பூபதி.

சுமித்ரா சாக்கில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே பல்லே தெரியவில்லை. விரலில் தொட்டு மோந்து பார்த்தாள். மரவள்ளி மிஷின் வாடை. தலையைத் தூக்கி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் நகங்களைப் பார்த்தாள். பிறகு, "அரை மணி நேரம் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சென்றாயன் பூபதி முன்னால் போய் நின்றான். "இவ மேல தப்பில்லீங்க. கிரீஸு வெச்சது நானுங்க. பத்தலையோன்னு நெனச்சுப்போட்டேன்."

பூபதி சிரித்தார். "தங்கச்சிய விட்டுக் குடுக்காத அண்ணன். நல்லதுதானுங்க. ஆனா வண்டி கோணலாப் போவுதே." ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஆனாலும் மணியைப் பார்த்துவிட்டு நின்றார்.

சுமித்ரா மோட்டாரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் முக்கி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். சுற்றிலும் ஆள் கூடியது அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. துடைத்தாள், காயவிட்டாள், அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், பல்லில் தீக்குச்சி முனையில் கிரீஸ். திருப்புளியை ஊன்றிக் கேட்டாள். மூடி பொருத்தி, ரிமோட்டைப் பூபதி கையிலேயே கொடுத்துவிட்டாள். "நீங்களே ஓட்டுங்க."

வண்டி கிளம்பியது. மிளகு மூட்டைக்கும் மஞ்சள் மூட்டைக்கும் நடுவே சந்தைக் கோடிவரை நேராகப் போனது. கூட்டம் கப்சிப் என்று நின்றதால், முனகல்கூட இல்லாத அந்த ஓட்டம் எல்லோருக்கும் கேட்டது. பூபதி அதைப் பின்பக்கமாக ஓட்டினார். கொஞ்சமும் சாயாமல் வந்து அவர் செருப்பில் முட்டி நின்றது. இன்னொரு முறை அனுப்பினார், இன்னொரு முறை வரவைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, மத்த பன்னண்டும் எப்ப அனுப்பட்டும்?"

சுமித்ரா நிமிரவில்லை. அண்ணனின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். "இதொண்ண முடிச்சுட்டுச் சொல்றேனுங்க" என்றாள். பல்துலக்கியை மண்ணெண்ணெயில் முக்கி, அவன் கட்டைவிரல் நகத்து இடுக்கில் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.